கொல்லைப்புறத்தில் ஒரு சாட்டக்களம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓண விடுமுறையில் ஒரு நாள் மாலை, என் மகன் இடது மணிக்கட்டை வலது கையால் தாங்கிக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றான். முகம் வெளிறிப் போயிருந்தது. "ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் விழுந்துட்டேன்" என்றான்.

விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்தது. எங்கள் சமையலறைச் சன்ஷேடிலிருந்து பக்கத்து வீட்டு மதிலுக்குத் தாவியிருக்கிறான். மதிலின் மேல்வரிசைக் கல் பெயர்ந்து, கல்லும் அவனுமாகக் கீழே வந்திருக்கிறார்கள். கல் அவன் மேல் விழாமல் அரை முழம் தள்ளி விழுந்ததை இன்றும் இறைவன் கருணை என்றே எண்ணுகிறேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு. மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பின் நுனியில் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினார். "இதுதான் வளர்தட்டு. பிள்ளைகளுடைய எலும்பு நீளுவது இந்த இடத்தில்தான். இது நசுங்கியிருந்தால் கை வளர்ச்சியே பாதித்திருக்கும். தப்பித்தான்" என்றார்.

அன்றிரவு நான் செய்ததைத்தான் வாசகர்களில் பெரும்பாலோர் செய்திருப்பீர்கள். இனிமேல் தாவக்கூடாது, ஏறக்கூடாது, அந்த வீடியோக்களைப் பார்க்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆறு வாரத்தில் மாவுக்கட்டு அவிழ்ந்தது. எட்டாவது வாரம், மீன் வாங்கப் போன என் மனைவி, கடலரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டியிருக்கும் பாறைகளின் மேல் அவன் தாவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அலை அடித்து ஈரமான கருங்கற்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆள் இறங்கும் சந்து. என் கண்டிப்பு அவனுடைய தாவலை நிறுத்தவில்லை. என் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு, அதைவிட ஆபத்தான இடத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறது. இதை உணர்ந்த பிறகுதான் எங்கள் கொல்லைப்புறத்தில் ஒரு பயிற்சிக்களம் அமைக்கத் துணிந்தேன். அதைப் பற்றி நமது சங்க மலரில் எழுதினால் என்னைப் போன்ற பிற பெற்றோருக்கும் உதவுமே என்ற எண்ணத்தில்தான் இக்கட்டுரை.

நாங்கள் இருக்கும் இடம்

நான் நெல்லைச் சீமையில் பிறந்து, வேலை நிமித்தம் திருவனந்தபுரம் வந்து, கோட்டுகாலில் 12 சென்ட் வாங்கி வீடு கட்டிக்கொண்டவன். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், விழிஞ்ஞத்துக்கும் பாலராமபுரத்துக்கும் அருகில் உள்ள ஊர் இது. 1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூரின் தென் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் பாறசாலை தாண்டிக் களியக்காவிளை போனால் தமிழ்நாடு. ஆகவே பேச்சில் இரு மொழிகளும் கைகோத்து நடக்கும். 'குதி', 'தாவு' என்று நாம் சொல்வதை இங்கே 'சாடு' என்பார்கள். குமரி மாவட்டத்திலும் அதே சொல்தான். என் மகனுக்கும் அந்தச் சொல்தான் வாயில் வரும். அதனால்தான் எங்கள் இடத்துக்குச் 'சாட்டக்களம்' என்று பெயர் வந்தது.

பார்க்கோர் என்பது என்ன?

பிள்ளைகள் இணையத்தில் பார்த்துப் பைத்தியமாகும் இந்தக் கலைக்குப் 'பார்க்கோர்' என்று பெயர். வழியில் குறுக்கிடும் சுவர், வேலி, படி, கம்பி எதுவானாலும், கருவி எதுவுமின்றித் தன் உடலை மட்டும் கொண்டு, விரைவாகவும் அடிபடாமலும் கடந்து போவது என்று சுருக்கமாகச் சொல்லலாம். 'பாதை' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இதன் வேரைத் தேடினால், ஜார்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியிடம் போய் நிற்கும். 1902இல் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து, சேன் பியேர் நகரம் அழிந்தது. அங்கே மீட்புப் பணியில் ஈடுபட்டவர் எபேர். ஆபத்து வந்தால் ஓடவும், ஏறவும், தாண்டவும், பிறரைத் தூக்கவும் உடல் பழகியிருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பிறருக்குப் பயன்படுவதற்காகவே உடல் வலிமை என்று அவர் கற்பித்தார். அவருடைய முறையிலிருந்து பிரெஞ்சுப் படையினரின் தடைதாண்டும் பயிற்சி வளர்ந்தது. வியத்நாமில் பிறந்து, இளமையில் அந்தப் பயிற்சியில் தேர்ந்து, பிறகு பாரிசில் தீயணைப்பு வீரரானவர் ரேமோன் பெல். அவருடைய மகன் டேவிட் பெல் 1980களின் பிற்பகுதியில், பாரிசுக்குத் தெற்கே உள்ள லீஸ் என்ற சிற்றூரில் தன் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கியதே பார்க்கோர். 2006இல் வந்த 'காசினோ ராயல்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கத் துரத்தலில் கட்டடச் சாரங்களின் மேல் தாவி ஓடுபவர், அந்த நண்பர்களில் ஒருவரான செபாஸ்தியன் ஃபூகான். 2017இல் பிரிட்டன் இதை ஒரு விளையாட்டாக அங்கீகரித்தது.

இந்த வரலாற்றை என் மகனுக்கு விவரமாகச் சொன்னேன். ஏனென்றால், அவன் பார்க்கும் ஒரு நிமிட வீடியோவில் மாடிக்கு மாடி தாவும் காட்சி மட்டுமே இருக்கிறது. அதற்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் பல ஆண்டுகள் பழகிய பழக்கம் அதில் தெரிவதில்லை.

நம் மண்ணில் இது புதிதா?

யோசித்துப் பார்த்தால் நாமும் இதையெல்லாம் செய்தவர்கள்தாம். குனிந்து நிற்பவன் முதுகில் கையூன்றித் தாண்டும் பச்சைக்குதிரையைத்தான் அவர்கள் சுவரின் மேல் தாண்டுகிறார்கள். கோட்டை மிதிக்காமல் கட்டத்துக்குள் ஒற்றைக்காலில் இறங்கும் பாண்டியாட்டம்தான் அவர்களுடைய 'குறிதவறாத் தாவல்'. நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்ற பழைய பலாமரம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில், பகைவர் துரத்தி வந்தபோது, இளவரசராக இருந்த மார்த்தாண்ட வர்மா அந்த மரத்தின் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது இங்குள்ள ஐதிகம். துரத்தலும் தப்பித்தலும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இதைவிட நெருங்கிய உறவு களரிக்கு உண்டு. வடகேரளத்துக் களரி, 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாகத் தரையைத் தோண்டி அமைக்கும் குழிக்களரி. நமது தெற்கன் களரியோ, அதாவது அடிமுறையோ, பெரும்பாலும் மரநிழலில், திறந்தவெளியில், சமதரையில் நடப்பது. பழைய தென் திருவிதாங்கூரான குமரி மாவட்டமும் நெய்யாற்றின்கரைப் பகுதியும்தான் அதன் தாயகம். அகத்தியரைக் குருவாகக் கொண்ட மரபு அது. அதன் வர்ம நூல்கள் பெரும்பாலும் தமிழிலேயே எழுதப்பட்டவை. எங்கள் ஊருக்குள்ளேயே 'பயற்றுவிளை' என்று ஓர் இடம் உண்டு. பயறு விளைந்த விளை என்றும் கொள்ளலாம். மலையாளத்தில் 'பயற்று' என்றால் ஆயுதப் பயிற்சி என்பதால், பயிற்சி நடந்த விளை என்றும் கொள்ளலாம். எனக்கு இரண்டாவது பொருளில்தான் விருப்பம் அதிகம்.

எங்கள் தெருவில் அடிமுறை பழகிய முதியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை 'ஆசான்' என்றே அழைப்போம். என் திட்டத்தைச் சொல்லி, சுவர் எத்தனை அடி உயரம் கட்டலாம் என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"சாடப் படிக்கதுக்கு முன்னே விழப் படிக்கணும் மக்கா. நீரு சுவரைப் பத்தி கேக்கீரு. நான் தரையைப் பத்திக் கேக்கேன். பிள்ளை எங்கே வந்து விழும்?"

அந்தக் கேள்விதான் என் வரைபடத்தையே தலைகீழாக மாற்றியது. நான் உயரத்திலிருந்து தொடங்கியிருந்தேன். தரையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

தரை ஏன் முக்கியம்? ஒரு சிறு கணக்கு

பள்ளியில் படித்த பௌதிகம் இங்கே உதவும். 4 அடி, அதாவது 48 அங்குல உயரத்திலிருந்து ஒரு பையன் குதிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கால் தரையைத் தொட்ட பிறகு, அவன் உடல் எத்தனை அங்குல தூரத்துக்குள் முழுதாக நிற்கிறது என்பதே அவன் மேல் விழும் விசையைத் தீர்மானிக்கிறது. சிமெண்டுத் தரையில், முழங்காலை விறைப்பாக வைத்துக் குதித்து, 2 அங்குலத்துக்குள் நின்றால், சராசரி விசை அவன் எடையைப்போல் 25 மடங்கு. 40 கிலோ பையனின் கால்களில் 1,000 கிலோ பாரம் ஒரு கணம் இறங்குகிறது. அதே பையன் முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, தரையும் சற்றே அமிழ்ந்து கொடுத்து, 16 அங்குலத்தில் நின்றால் விசை 4 மடங்குதான், 160 கிலோ.

உயரம் மாறவில்லை, பையனும் மாறவில்லை. நிற்கும் விதமும் தரையும் மட்டுமே மாறின. களத்தின் செலவில் பாதியைத் தரைக்கே செலவழியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

எங்கள் களம் 36 அடி நீளம், 20 அடி அகலம். ஒன்றரை சென்டுக்குச் சற்றே மேல் வரும். இடம் பார்க்கும்போது நான் கவனித்தவை இவை:

தென்னையின் கீழே வேண்டவே வேண்டாம். நம் நாட்டில் களம் அமைப்பவர் முதலில் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். தேங்காயும் காய்ந்த மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை. எங்கள் கொல்லையில் இரண்டு தென்னைகள் தள்ளி இருந்ததால் பிழைத்தோம். மின்கம்பி போகும் இடமும் ஆகாது.

கிணறு அருகே இருந்தால், கைப்பிடிச் சுவர் போதாது. மேலே இரும்பு வலை மூடி போட்டாக வேண்டும். எங்கள் கிணற்றுக்கு முதலில் செய்த வேலை அதுதான்.

மதிலிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி இருக்க வேண்டும். ஒவ்வொரு சாதனத்தைச் சுற்றிலும் 6 அடி வெற்றிடம் என்பது விளையாட்டுத் திடல்களுக்குப் பொதுவான விதி. வெட்டுகல்லை மண் சாந்தில் அடுக்கிய பழைய மதில்கள் பார்வைக்குத்தான் பலமானவை. பக்கவாட்டு உதை வந்தால் மேல்வரிசை பெயர்ந்துவிடும். என் மகன் அனுபவித்துத் தெரிந்துகொண்டான்.

சமையலறை ஜன்னலிலிருந்து களம் முழுவதும் தெரிய வேண்டும். இது என் மனைவி போட்ட நிபந்தனை. யோசித்துப் பார்த்தால், இருந்த நிபந்தனைகளில் இதுதான் தலையாயது.

விழும் குழி

12 அடி நீளம், 8 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டினோம். இங்கே நான் செய்த பிழையையும் சொல்லிவிட வேண்டும். ஆற்று மணல் எளிதில் கிடைக்காத காலம் இது. கடல் மணலை அள்ளுவது சட்டப்படி குற்றம். ஆகவே எம்-சாண்டைக் கொட்டி நிரப்பினேன். முதல் மழையிலேயே அது இறுகிப்போயிற்று. பாறையை உடைத்துச் செய்த மணல் ஆதலால் அதன் துகள்கள் கூர்முனை கொண்டவை. நனைந்ததும் ஒன்றோடொன்று கவ்விப் பிடித்துக்கொள்கின்றன. கட்டடத்துக்கு நல்ல குணம், குழிக்கு ஆகாத குணம். அதன் மேல் நானே ஒன்றரை அடி உயரத்திலிருந்து குதித்துப் பார்த்தேன். மறுநாள் வரை குதிகால் வலித்தது. முழுவதையும் வாரி வெளியே போட்டோம்.

அடுத்து, மலிவாகக் கிடைக்கிறதே என்று தேங்காய் நார்க்கழிவை யோசித்தேன். அது நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் சேறாகிவிடும் என்று ஆசானே தடுத்துவிட்டார்.

கடைசியில் கைகொடுத்தது மரச்சில்லு. மர அறுப்பு மில்லில் சொல்லிவைத்து, ஆணி இல்லாத, மருந்து பூசாத மரத்தின் சில்லுகளை வாங்கினோம். அமெரிக்க அரசின் விளையாட்டுத் திடல் பாதுகாப்புக் கையேட்டின்படி, 9 அங்குல மணல் 4 அடி உயரத்திலிருந்து விழுவதற்கே போதும். அதே 9 அங்குல மரச்சில்லு அதைவிட அதிக உயரத்துக்கும் தாங்கும்.

குழியை நிரப்பிய விதம்: அடியில் 4 அங்குலம் முக்கால் அங்குல ஜல்லி, அதன் மேல் கயிற்றுப்பாய், அதன் மேல் 12 அங்குல மரச்சில்லு. சில்லு மட்டும் 96 கன அடி வேண்டும். அமிழ்ந்து குறையும் என்பதால் 120 கன அடி வாங்கினோம். குழியின் தரையை ஒரு பக்கம் சரிவாக வெட்டி, 3 அங்குல பிவிசி குழாய் வைத்து, நீரை வாழைத் தடத்துக்குத் திருப்பிவிட்டோம். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் வடிகால் இல்லாத குழி, குளமாகிவிடும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மக்கிப்போன சில்லை வாரி வாழைக்குப் போட்டுவிட்டு, புதிதாக நிரப்புகிறோம்.

சுவர், கம்பி, கட்டை

குழியின் ஒரே நீளப்பக்கத்தில் இரண்டு சுவர்கள் கட்டினோம். ஒவ்வொன்றும் 5 அடி நீளம், 9 அங்குல கனம். ஒன்று இரண்டரை அடி உயரம், மற்றது 4 அடி. இதற்கு மேல் எங்கள் களத்தில் நின்று குதிக்கும் உயரமே கிடையாது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் கருங்கல் அடித்தளம், சிமெண்டுச் சாந்தில் வெட்டுகல், உச்சியில் கம்பி கட்டிய 3 அங்குல கான்கிரீட். விளிம்புகளை உருட்டிவிடச் சொன்னோம். கூரான விளிம்பு முழங்கால் சில்லைப் பதம் பார்த்துவிடும். மேற்பரப்பை வழவழப்பாகப் பூச வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லி முடிப்பதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. பாவம், வழவழப்பாகப் பூசுவதுதானே அவருக்குப் பெருமை!

சமநிலைக் கம்பிக்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் 10 அடி. அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 48 மில்லிமீட்டர் இருக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். தொங்கும் கம்பிக்கு ஒரு அங்குலக் குழாய், வெளிவிட்டம் சுமார் 34 மில்லிமீட்டர். பிள்ளைகளின் விரல்கள் சுற்றிப் பிடிக்க இதுவே ஏற்றது. அது ஆறரை அடி உயரத்தில், தனியே ஓர் ஓரமாக, கொத்திப் பொலபொலவென்று ஆக்கிய மண்ணின் மேல் நிற்கிறது. கால்களை 2 அடி ஆழம் இறக்கிக் கான்கிரீட் இட்டோம். குழாய் முனைகளுக்கு மூடி போட மறக்காதீர்கள். திறந்த முனையில் குளவி கூடு கட்டும்.

தாவல் கட்டைகளுக்கு வைரம் பாய்ந்த பனந்தடி. 8 அங்குலத்திலிருந்து 18 அங்குலம் வரை வெவ்வேறு உயரத்தில் ஆறு கட்டைகள். இடைவெளி 2 அடி, 3 அடி, 4 அடி. மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசினோம், கரையானுக்காக.

பழைய டயர் வைக்க ஆசைப்படுவோர், அதில் நான்கைந்து துளை போட்டுவிடுங்கள். தேங்கும் மழைநீரில் டெங்குக் கொசு வளரும். கற்களையும் பலகைகளையும் களத்தோரம் குவித்து வைக்காதீர்கள். பாம்பு குடியேற அதைவிட வசதியான இடம் வேறில்லை.

இன்னொன்று: 2016இல் ஐரோப்பாவில் பார்க்கோர் சாதனங்களுக்கென்றே தனித் தரநிர்ணயம் வந்திருக்கிறது. சங்கமோ பள்ளியோ பொதுமக்களுக்காகக் களம் அமைப்பதானால், வீட்டுக் கணக்கு போதாது. பொறியாளரை வைத்தே செய்ய வேண்டும்.

முதல் மாதம் சுவரைத் தொடவில்லை

களம் தயாரானதும் மகன் நேரே 4 அடிச் சுவரை நோக்கி ஓடினான். ஆசான் குறுக்கே நின்றார். முதல் மாதம் முழுவதும் இறங்குவதும் உருள்வதும்தான். அவர் கற்றுத்தந்ததும், பார்க்கோர் பயிற்சியாளர்கள் சொல்வதும் ஒன்றாகவே இருந்தது எனக்கு வியப்பு.

முன்பாதம் முதலில் தரையைத் தொட வேண்டும், குதிகால் அல்ல. முழங்கால்கள் பாதவிரல் நோக்கும் திசையிலேயே மடங்க வேண்டும்; உள்பக்கம் சாயக் கூடாது. இறங்கும் ஓசை கேட்கக் கூடாது. ஓசை வந்தால், விசையை உடல் தாங்கவில்லை, தரை தாங்கியது என்று பொருள். உருளும்போது தலையும் முதுகெலும்பும் தரையில் படாமல், ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக உருள வேண்டும். விழும்போது கையை விறைப்பாக நீட்டி ஊன்றக் கூடாது. என் மகனின் மணிக்கட்டு முறிந்ததே அப்படித்தான்.

அதன் பிறகே இரண்டரை அடிச் சுவர். 4 அடிச் சுவருக்கு அவன் வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. "இதெல்லாம் ரொம்பச் சின்ன உயரம்பா" என்று தொடக்கத்தில் முகம் சுளித்தவன், ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கட்டைக்குக் கட்டை தாவிப் பார்க்கச் சொன்னபோது, 8 அங்குலமும் சின்ன உயரம் அல்ல என்று ஒப்புக்கொண்டான். அப்போது நான் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு விதிகள் நான்கு. தனியாக யாரும் பயிற்சி செய்யக் கூடாது. முதலில் களத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பாசி, ஈரம், ஆடும் கல், துருப்பிடித்த கம்பி எதுவும் இருக்கக் கூடாது. குழியில் குதிப்பது ஒரு நாளைக்கு இருபது முறைக்கு மேல் வேண்டாம். வளரும் எலும்புக்கு ஓய்வு வேண்டும். கேமராவுக்காகப் புதிதாக எதையும் முயலக் கூடாது. நன்றாகப் பழகியதைப் படமெடுத்துக்கொள்ளலாம்.

கொல்லைப்புறம் இல்லாதவர்களுக்கு

வாசகர்களில் பலர் வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்கள் என்பதை அறிவேன். உங்களுக்கு இடம் இல்லை என்று பிள்ளையிடம் கைவிரித்துவிட வேண்டாம். தரையில் சாக்பீஸால் ஓர் அங்குலக் கோடு கிழித்து, அதன் மேல் தவழ்ந்து போகச் சொல்லுங்கள். 4 அங்குல அகலப் பலகை ஒன்றைத் தரையோடு கிடத்தி, அதில் முன்னும் பின்னும் நடக்கச் சொல்லுங்கள். சாக்பீஸால் வரைந்த ஒரு சாணளவு கட்டத்தில், ஓசையின்றி இறங்கி அசையாமல் நிற்கப் பழகட்டும். உருள்வதற்குப் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று போதும். கீழ்வீட்டுக்காரருக்கு ஓசை கேட்கவில்லை என்றால், பையன் நன்றாக இறங்குகிறான் என்று அறியலாம்! மொட்டை மாடி மட்டும் வேண்டவே வேண்டாம். கைப்பிடிச் சுவரைத் தாண்டிய பிறகு குழி இல்லை.

நம் சங்கக் கட்டடத்தின் பின்முற்றத்தில் நான்கு தாவல் கட்டைகளும் ஒரு சில்லுக்குழியும் அமைத்தால், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை இழுத்து வர வேண்டியிராது; அவர்களாகவே வருவார்கள். செயற்குழு இதை ஆலோசிக்கலாம் என்பது என் பணிவான விண்ணப்பம்.

பக்கத்து வீட்டுச் சேட்டன்

மதில் இடிந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுச் சேட்டன் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மதிலைச் சரிசெய்து கொடுத்த பிறகும் வருத்தம் தீரவில்லை. இங்கே வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், ஒரு சண்டை என்றால் நாம் 'வெளியே இருந்து வந்தவர்கள்' ஆகிவிடுகிறோமோ என்று என் மனைவி அந்த நாட்களில் மனம் நொந்ததுண்டு. களம் கட்டத் தொடங்கியபோது, அவர் மதிலுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நிற்பார், கேட்கமாட்டார். ஒரு நாள் அவருடைய மகள், ஏழாம் வகுப்பு படிப்பவள், வாசலில் வந்து நின்று, "அங்கிளே, ஞானும் சாடட்டே?" என்று கேட்டாள். அவளை அனுப்பியது அவர்தான் என்று பிறகு தெரிந்தது. இப்போது மாலை ஐந்து மணிக்கு ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். ஆசான் தமிழில் சொல்கிறார்; அவர்கள் மலையாளத்தில் பதில் சொல்கிறார்கள். 'சாடு' என்பது இருவருக்கும் பொது.

மகனுக்கு இப்போது பதினைந்து வயது. அவன் இனி எங்குமே விழமாட்டான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சென்ற துலா மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இரவெல்லாம் மழை பெய்து, காலையில் வெயில் வந்திருந்தது. அவனுடைய பள்ளி நண்பர்கள் மூவர் களத்தைப் பார்க்க ஆசையோடு வந்திருந்தார்கள். நான் சமையலறை ஜன்னலில் காபியோடு நின்றேன். மகன் 4 அடிச் சுவரருகே போய், உச்சியைக் கையால் தடவினான். விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு நண்பர்களிடம் திரும்பி, "பாசி பிடிச்சிருக்கு. இன்னைக்கு வேண்டாம். தேய்ச்சுக் கழுவிட்டு நாளைக்குச் சாடலாம்" என்றான்.

நான்கு பேருமாகத் துடைப்பமும் தேங்காய்ச் சகிரியும் எடுத்துக்கொண்டு சுவரைத் தேய்க்கத் தொடங்கினார்கள். நான் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

களம் அமைக்க விரும்பும் சகோதர சகோதரிகள் சங்க முகவரிக்கு ஒரு வரி எழுதினால், அளவுகளோடு கூடிய வரைபடத்தின் பிரதியை மகிழ்ச்சியோடு அனுப்பி வைக்கிறேன்.